பதினொன்றாம் எண் சீப்பு

பெட்டியின் மேல் எழுதியிருப்பது
‘நெசவுச் சீப்பு?’
கேள்விக்குறியை மட்டும் யாரோ
பின்னொரு நாள், வேறு மையில்
சேர்த்திருக்கிறார்கள்.

திமிங்கல எலும்பு. ஒரு சாண் நீளம்.
ஒரு முனையில் ஒன்பது பல், அதில் மூன்று போச்சு.
ஆர்க்னியில் அன்றும் மரம் அரிது.
கரை ஒதுங்கிய பெரிய உடம்பைத்தான்
தச்சர்கள் அறுத்துக்கொண்டார்கள்.
கூரைக்கு விலா,
இறைச்சி கொத்த முதுகுக் கணு,
மிச்சத்தில் இது.
மழை நாளில் முகர்ந்தால் இன்னும்
எண்ணெய் வாடை வருவதாக ஃபூபிஸ்டர் சொல்வார்.
எனக்கு வந்ததில்லை.

ஊடிழையை அடித்து இறுக்கத்தான் இது என்று ஒரு கட்சி.
பல்லின் இடைவெளி பாவுக்குப் பொருந்தாது,
தோலில் மயிர் சீவியிருப்பார்கள் என்று மறு கட்சி.
வருடம் ஒருமுறை இரண்டு கட்சியும்
ஒரே மேசையில் சூப் குடிக்கும்.

எனக்குச் சண்டையில் வேலையில்லை.
தேய்மானம் பார்ப்பவள் நான்.
புதிதாய் ஒரு சீப்பு செய்,
நாற்பது மணி நேரம் நெய்,
நுண்ணோக்கியின் கீழ் இரண்டையும் வை.
அவ்வளவுதான்.

திமிங்கல எலும்புக்கு அனுமதி வர ஆறு மாதமாகும்.
கசாப்புக் கடை ஹெடில்
மாட்டின் முன்னங்கால் எலும்பை எடுத்துப் போட்டான்.
‘சூப்புக்கா, இஸ்பெல்?’
‘தறிக்கு.’
கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு
இன்னொன்றையும் சேர்த்துக் கட்டினான், காசில்லாமல்.
நல்லதாய்ப் போயிற்று.
முதல் சீப்புக்கு நான் பல் வெட்டி முடித்த இரவே
நாய் தன் பல்லால் அதை ஆராய்ந்து முடித்துவிட்டது.
(மாடும் திமிங்கலமும் ஒன்றல்ல.
அடிக்குறிப்பில் போட்டுக்கொள்ளலாம்.)

சுவரில் சாய்த்த தறி.
பாவு நுனிகளில் கல் தொங்கும்.
இதில் ஊடிழையை
கீழிருந்து மேலாக அடிக்க வேண்டும்.
முதல் வாரம்
தலைவாரக் கை எழவில்லை.
இழை, அடி. இழை, அடி.
கல்லோடு கல் மோதி
டொக்.

பதினெட்டாம் மணியில் வங்கியிலிருந்து ஃபோன்.
கூரைக் கடன்.
பியானோ போட்டுக் காக்க வைத்தார்கள்
நாற்பது நிமிடம்.
சன்னலில் நின்றேன், கையில் சீப்போடு.
சாம்பல் கடல்.
போகவா திரும்பவா என்று ஒரு படகு.
கட்டைவிரல் தன்பாட்டுக்குப்
பிடியின் மேல் போய்ப்போய் வந்தது.

குறிப்பேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
நெய்யாத நேரம்
எண்ணில் சேராது.

நாற்பது முடிந்தது.
என் சீப்பின் பற்களில் லேசாக ஒரு மினுக்கம்.
பழையதிலும் அதே அளவு,
அதே அளவு என்று
சொல்ல விரும்புகிறவருக்கு.

ஆனால் அந்தப் பிடி.
பதினொன்றாம் எண்ணின் பிடியில்
ஓரமாய் ஒரு பள்ளம்,
தண்ணீர் விட்டால் ஒரு சொட்டு நிற்கும்.
கையுறையோடு எடுத்துப் பார்த்தேன்.
வலக்கையில் முரண்டியது.
இடக்கைக்கு மாற்றினேன்,
இடுப்பில் பிள்ளை உட்காருவதுபோல
உட்கார்ந்துகொண்டது.

பல்லை மினுக்கியதோடு விட்ட நெசவு
பிடியை இவ்வளவு தின்றிருக்காது.
இடக்கைக்காரி
நிறைய நின்றிருக்கிறாள்.
யாரிடமோ ஆட்டுக் கணக்குப் பேசி,
பேச்சு முடியாமல்,
கோபத்தைக் காட்டவும் முடியாமல்,
கல் வாசலில், காற்றில்.
எனக்குத் தெரியாது.
விரலுக்கு ஏதோ தெரிந்தது.

அறிக்கையில் ‘பயன்பாடு’ என்ற இடத்தில்
‘பிடித்துக்கொள்ள’ என்று எழுதினேன்.
ஃபூபிஸ்டர் சிவப்பில் சுழித்து
‘எதை?’ என்று கேட்டிருக்கிறார்.
இன்னும் பதில் போடவில்லை.

நெய்ததில் ஒன்றரை முழத் துணி தேறியது.
அதை எந்தக் கட்சியும் கேட்கவில்லை.
கூரை ஒழுகும் இடத்தில் வைத்த
வாளிக்குள் மடித்துப் போட்டிருக்கிறேன்,
சொட்டு விழும் சத்தம் கேட்காமலிருக்க.